இமையும் சத்திரசிகிச்சையும்



சென்ற ஆண்டு எங்கள் பாடசாலையிற் பரிசளிப்பு விழா நடந்தது. விழா முடிந்து பத்து நாட்களின் பின்னர்ப் படப்பிடிப்பாளர் படங்களைக் கொண்டுவந்து என் மேசைமீது பரப்பினார். பிரதம விருந்தினர் மிடுக்காக இருந்தார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு நடுவே, நாற்காலியில் ஓர் அம்மையார் அரைத்தூக்கத்தில் அமர்ந்திருந்தார். அந்த அம்மையார் நான்தான். அன்று நான் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்தேன் என்பது உண்மை. ஆயினும் விழாவில் ஒரு கணமும் கண்ணயரவில்லை. பன்னிரண்டு படங்களிலும் அதே அரைத்தூக்கத்தைக் கண்டபோதுதான் என் மேலிமைகள் தாழ்ந்துவிட்டன என்பதை உணர்ந்தேன்.

பக்கத்தில் நின்ற இளம் ஆசிரியை ஒருவர், "இதற்கெல்லாம் இப்பொழுது சத்திரசிகிச்சை இருக்கிறது, ரீச்சர். அரை மணித்தியால வேலை. பத்து வயது குறைந்துவிடும்" என்றார். அவர் சொன்னதில் ஓரளவு உண்மையும் உண்டு, பெரிய ஆபத்தும் உண்டு. அவ்விரண்டையும் பிரித்தறிவதற்காகவே இப்பேச்சு. நான் வைத்தியர் அல்லேன், கலைப் பட்டதாரி. ஆனால் இவ்விடயத்தை ஓராண்டுக் காலம் கேட்டும் படித்தும், கண் சிகிச்சைக் கூடத்தின் வாங்கிற் பல காலைகள் காத்திருந்தும் அறிந்துகொண்டேன்.

முதலில் இமை என்பது என்னவென்று பார்ப்போம். கண்ணை இமை காப்பதுபோல என்று நாம் வாயாரச் சொல்கிறோமேயன்றி, காக்கின்ற அந்தப் பொருளை எண்ணிப் பார்ப்பதில்லை. நமது உடலில் மிக மெல்லிய தோல் மேலிமையின் தோலாகும். அதன் கனம் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. அதற்குக் கீழே கண்ணைச் சுற்றி வளையம்போல் அமைந்த ஒரு தசை உண்டு. இமையை மூடுவது அதன் தொழில். அதற்குப் பின்னால் மெல்லிய திரையொன்றும், அத்திரையின் உட்புறம் கண்ணுக்கு மெத்தைபோலக் கொழுப்பும் உண்டு. இன்னும் உள்ளே இமையை உயர்த்தும் தசை, கண்குழியின் ஆழத்திலிருந்து புறப்பட்டு வந்து இமையின் விறைப்பான தகட்டிற் பற்றி நிற்கிறது. நிமிடத்துக்குப் பதினைந்து முறையளவில் இமை இறங்கி ஏறும்போது, கண்ணீரைக் கருவிழியின் மேல் மெழுகிவிடுகிறது. இந்த மெழுக்குவேலை நின்றால் கண் வறண்டு புண்ணாகும். இமையில் ஒருவர் கத்தி வைக்கும்போது இந்த மெழுக்குவேலையிலும் கை வைக்கிறார் என்பதை மறக்கலாகாது.

இங்கே ஒரு சிறு விலகல். இத்தகைய உறுப்புகளைத் தமிழிற் பேச முடியுமா என்று சிலர் இன்றும் ஐயுறுகின்றனர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலிருந்து தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கினார். பிறநாட்டிலிருந்து வந்த ஒருவருக்கு இயன்றது நமக்கும் இயலும்.

சரி, இமை ஏன் தாழ்கிறது? வெளிக்கு ஒன்றுபோலத் தோன்றும் தாழ்வுக்குள்ளே மூன்று வேறு காரியங்கள் இருக்கலாம். ஒன்று, தோல் தளர்ந்து மடிந்து இமைவிளிம்பின்மேல் தொங்குதல். வயது ஏறும்போது பெரும்பாலார்க்கு நேர்வது இதுவே. இன்னொன்று, உயர்த்தும் தசையோ அதன் பற்றுநாரோ தளர்ந்து, இமைவிளிம்பே கருவிழியை மறைக்க இறங்குதல். மூன்றாவது, இமையிற் குறையேதும் இன்றிப் புருவம் சரிந்து இமையை அழுத்துதல். கண்ணாடியின் முன் நின்று, புருவத்தை விரலால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். கண் உடனே திறந்துகொண்டால் பழி இமையின்மேல் அன்று, புருவத்தின்மேல். அத்தகையவருக்கு இமைத்தோலை வெட்டினால் புருவம் இன்னும் கீழே இழுபட்டு, முகம் முன்னையிலும் கடுமையாகத் தோன்றும். பணமும் போய், முகமும் போகும்.

இம்மூன்றும் மெல்ல மெல்ல, ஆண்டுக்கணக்கில் வருவன. திடீரென வரும் இமைத்தாழ்வு வேறு சாதி. அதைப் பற்றி ஊவா மக்களுக்குச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மொனராகலை, வெல்லவாய, மகியங்கனைப் பக்கங்களிலே தரையிற் பாய் விரித்துத் தூங்குபவரை இரவிற் கட்டுவிரியன் தீண்டுவதுண்டு. அக்கடி பெரும்பாலும் நோவதில்லை. பல்லின் தடமும் தெரியாமற் போகலாம். வயிற்றுவலி என்று எழுந்தவருக்கு இமைகள் இரண்டும் கனத்துச் சரிகின்றன என்றால், அது தூக்கக் கலக்கம் அன்று; நஞ்சு நரம்பைப் பற்றிவிட்டது. விடியட்டும் என்று காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டு ஓட வேண்டும். அவ்வாறே ஒரு பக்கத்து இமை திடீரெனச் சரிந்து, தலையிடி மிகுந்து, பொருள்கள் இரண்டாகத் தெரிந்து, அக்கண்ணின் பாப்பாவும் விரிந்திருந்தால், மூளையின் இரத்தக் குழாயொன்று வீங்கி நரம்பை அழுத்துவதாக இருக்கலாம். அழகுபற்றிப் பேசும் நேரமன்று அது.

இனி, என் மனத்தை விட்டகலாத ஒரு நிகழ்ச்சி. என்னிடம் பத்தாம் வகுப்புவரை படித்த ஒரு பெண், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவள், பெயர் வேண்டாம். மத்திய கிழக்கிலே ஒரு வீட்டில் ஆறு வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தாள். திருமணம் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்பப் படம் எடுத்தபோது இடது கண் வலது கண்ணிலும் சிறிதாகத் தெரிந்தது. "பிள்ளைக்குக் கண்ணில் ஏதும் குறையோ?" என்று அந்த வீட்டிலிருந்து ஒரு கேள்வி வந்தது. அக்கேள்வி அவளை எவ்வளவு சுட்டிருக்கும் என்பதைப் பெண்ணைப் பெற்றவர்கள் அறிவார்கள். கொழும்பிலே அழகுநிலையம் ஒன்றில் இமையைச் சரிசெய்து தருகிறார்கள் என்று கைத்தொலைபேசியில் ஒரு விளம்பரம் கண்டாள். ஆறு வருடச் சேமிப்பில் ஒரு பகுதியை எடுத்து முற்பணமும் கட்டிவிட்டாள். "ரீச்சர், துணைக்கு வருவீங்களா? அம்மாவுக்குக் கொழும்பு தெரியாது" என்று கேட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

நான் அப்பொழுது என்னுடைய இமைக்காகப் படிக்கத் தொடங்கியிருந்த காலம். ஆகையால், "வருகிறேன், ஆனால் முதலிற் பதுளையிலே கண் வைத்தியரிடம் காட்டிவிட்டுப் போவோம்" என்றேன். அவளுக்கு விருப்பமில்லை, என் முகத்துக்காக இணங்கினாள்.

கண் வைத்தியர் இமையைத் தொடுமுன்னர் அவளிடம் கேள்விகளே கேட்டார். காலையில் எப்படி இருக்கும், மாலையில் எப்படி இருக்கும்? உணவு மெல்லும்போது தாடை களைக்கிறதா? படி ஏறும்போது கால் சோர்கிறதா? பழைய படம் ஏதும் உண்டா? அவள் யோசித்து யோசித்துப் பதில் சொன்னாள். காலையிற் கண் சரியாக இருக்கும். வேலைக் களைப்பினால் மாலையிற் சரியும் என்று தான் எண்ணியிருந்ததாகச் சொன்னாள். வைத்தியர் அவளை மேலே பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். ஒரு நிமிடத்துக்குள் இடது இமை திரைச்சீலைபோல மெல்ல இறங்கியதை நானும் கண்டேன். பின்னர்க் கையுறையொன்றிற் பனிக்கட்டியை இட்டு, மூடிய இமையின்மேல் இரண்டு நிமிடம் வைத்தார். எடுத்துப் பார்த்தபோது இமை உயர்ந்திருந்தது. நரம்பின் கட்டளை தசைக்கு ஒழுங்காகச் சென்று சேராத நோயொன்று உண்டு. மயஸ்தீனியா கிராவிஸ் என்பது அதன் பெயர். குளிர்ச்சியில் அத்தசை சிறிது நேரம் தேறும்; உழைக்க உழைக்கச் சோரும்.

இரத்தப் பரிசோதனையும் மார்புப் படமும் எடுத்து நோயை உறுதிசெய்தார்கள். அவளுக்கு வேண்டியது கத்தி அன்று, குளிசை. இந்நோயுள்ள பலருக்கு முதலிற் சோர்வது இமைதான்; கவனியாது விட்டால் விழுங்கும் தசையும் மூச்சுத் தசையுங்கூடச் சோரக்கூடும். சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும், மயக்கமூட்டும்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்துகளும் இவர்களுக்கு ஆகா. அழகுநிலையத்திலே இவற்றை யார் கேட்டிருப்பார்? தோலைக் குறைத்துத் தைத்து அனுப்பியிருப்பார்கள். நோய் மறைவிலே வளர்ந்திருக்கும். முற்பணத்தை அவர்கள் திருப்பித் தரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் மறுமொழி இல்லை.

ஆகவே இமைச் சத்திரசிகிச்சைக்கு முன்பு ஒருவர் அறியவேண்டிய முதற்காரியம், தம் இமை ஏன் தாழ்ந்தது என்பதே. அதை அறியாமல் விலை கேட்பது, நோய் இன்னதென்று தெரியாமல் மருந்துக் கடையிற் பேரம் பேசுவதை ஒக்கும்.

இச்சிகிச்சை புதியதென்று எண்ணவேண்டா. சுசுருதரின் நூலிலே, இமைமயிர் கண்ணுக்குட் திரும்பிக் குத்தும் நோய்க்கு, புருவத்துக்கும் இமைமயிருக்கும் இடையே வாற்கோதுமை மணியின் வடிவாகத் தோலை வெட்டியெடுத்து மயிரிழையால் தைக்கும் முறை கூறப்பட்டிருக்கிறது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோம நாட்டுச் செல்சுஸ் என்பார் தளர்ந்த இமைத்தோலைக் களைவதுபற்றி எழுதினார். இதற்கு மேனாட்டார் இன்று வழங்கும் பெயரைச் செருமனியின் கிரேஃபே என்பவர் 1818இல் வழங்கினார். அவர் கருதியது அழகுக்கான வெட்டன்று, நோயால் அழிந்த இமையை மீண்டும் அமைத்தல். 1896இல் யப்பானிய வைத்தியர் மிக்காமோ, மடிப்பில்லாத இமைக்கு மடிப்பு உண்டாக்கும் முறையை வெளியிட்டார். நோய்க்கென்று பிறந்த கலை அழகுக்கும் வந்து சேர்ந்த கதை இது. அதிற் குற்றமில்லை, அழகு விரும்புவது பாவமன்று. நானும் விரும்பியவள்தானே.

இன்றைய முறை ஏறக்குறைய இப்படி. நோயாளியை உட்கார வைத்து, இமையின் இயற்கை மடிப்பில் மையினாற் கோடிடுவார்கள். படுத்திருக்கும்போது தோல் பக்கவாட்டிற் சரிவதால் அளவு பிழைத்துவிடும். புருவத்துக்கும் இமைமயிருக்கும் இடையே சுமார் 20 மில்லிமீற்றர்த் தோலாவது எஞ்சும்படி கணக்கிட வேண்டும். இதுவே வைத்தியரின் திறமை அனைத்தும் அடங்கிய இடம். சிறிது கூடுதலாக விட்டுவிட்டால் பிறகு எடுக்கலாம். கூடுதலாக வெட்டிவிட்டால் கண் முழுவதும் மூடாது, ஒட்டுத்தோல் தேடவேண்டிவரும். பின்னர் விறைப்பூசி போட்டு, கோட்டுக்குட்பட்ட தோலையும், வேண்டுமாயின் சிறு கொழுப்பையும் எடுத்துத் தைப்பர். பெரும்பாலும் ஒரு மணி நேர அளவில் இரண்டு கண்ணும் முடிந்துவிடும். தையலை ஐந்து முதல் ஏழு நாளில் எடுப்பர். தழும்பு மடிப்புக்குள் மறைந்துகொள்ளும். ஆனால் அது முற்றாக மங்கப் பல மாதங்கள் ஆகும். ஆகையால் அடுத்த மாதம் கல்யாணம், இந்த மாதம் இமை என்று எவரும் புறப்பட வேண்டாம்.

வீக்கமும் கன்றலும் இரண்டு வாரமளவில் இருக்கும். கண்ணோரச் சுருக்கமும் கண்ணின் கீழ்க் கருவளையமும் இதனால் நீங்கா. அவை நீங்குமென்று சொல்பவர் பொய் சொல்கிறார்.

ஆபத்துகளுட் கொடியது, கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கசிந்து தேங்குதல். சுமார் 2000 பேரில் ஒருவருக்கு நேரும் என்று நூல்கள் கூறுகின்றன. அவர்களுள்ளும் மிகச் சிலரே பார்வை இழப்பர். பெரும்பாலும் முதல் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நிகழும். தாங்கமுடியாத வலி, கண் முன்தள்ளுதல், பார்வை மங்குதல் ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே தையலைப் பிரித்து அழுத்தத்தை நீக்கினாற் கண் பிழைக்கும். ஓரிரு மணி நேரம் தாமதித்தால் பிழையாது. இதனால்தான் மலைநாட்டவருக்கு ஒன்று சொல்கிறேன். கொழும்பிற் காலையில் வெட்டிக்கொண்டு, அன்றிரவே பதுளைப் பஸ்ஸில் ஏறாதீர்கள். அது சுமார் 230 கிலோமீற்றர். நடுச்சாமத்தில் பெலிகுலோயாவுக்கும் அப்புத்தளைக்கும் இடையிலே கண் வலித்தால் யாரைக் கூப்பிடுவது? இரண்டு நாளாவது வைத்தியசாலைக்கு அண்மையில் தங்குங்கள். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இரத்தக் கசிவைக் கூட்டும் மருந்துகள் உண்டு. அஸ்பிரின், வார்பரின் போன்றவற்றை உட்கொள்பவர் அதனை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதேபோது, இருதயத்துக்கென்று கொடுத்த குளிசையைத் தாமாகவே நிறுத்திவிடவும் கூடாது. இமை அழகாகி இருதயம் நின்றால் யாது பயன்? நாட்டு மருந்து, எண்ணெய்க் குளிசை, பூண்டுக் குளிசை என்று உண்பவற்றையும் மறையாமற் சொல்லுங்கள். இரத்த அழுத்தமும் நீரிழிவும் முதலில் அடங்க வேண்டும். கழலை நோயினாற் கண் பிதுங்கியவர்கள், அந்நோய் அடங்கி மாதங்கள் பல கழியும்வரை பொறுத்திருக்க வேண்டும். புகைபிடிப்பவருக்குப் புண் ஆறப் பிந்தும்.

இனி வறட்சி. யூலை முதல் செப்ரெம்பர் வரை ஊவா மலைச்சரிவிலே வறண்ட காற்று வீசுகிறது. அந்தக் காற்றினாலேயே நமது தேயிலைக்கு உலகம் போற்றும் அந்தத் தனி மணம் உண்டாகிறது. அதே காற்று கண்ணீரையும் உறிஞ்சிவிடுகிறது. ஏற்கெனவே கண் உறுத்தலும் மணல் விழுந்தாற்போன்ற அரிப்பும் உள்ளவர், இமைச் சத்திரசிகிச்சைக்குப் பின் மிகவும் துன்புறுவர். சிகிச்சைக்கு முன்பு கீழிமையின் உட்புறத்தில் ஒரு சிறு வடிதாளைச் செருகி, ஐந்து நிமிடத்தில் அது எவ்வளவு நனைகிறதென்று அளக்கும் பரிசோதனை உண்டு. அதைச் செய்யாத இடத்தில் இமையைக் கொடுக்காதீர்கள்.

யாரிடம் கொடுப்பது? நமது நாட்டில் வைத்தியர் எவரும் இலங்கை மருத்துவ சபையிற் பதிவுபெற்றிருக்க வேண்டும்; பதிவு இலக்கத்தைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. தனியார் வைத்திய நிலையங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட வேண்டும். முடி திருத்துவதற்குப் பெற்ற அனுமதிப் பத்திரம் இமை திருத்த உதவாது. கண் சத்திரசிகிச்சை நிபுணரோ உறுப்பமைப்புச் சத்திரசிகிச்சை நிபுணரோ ஆக இருக்கட்டும்; இதுவரை எத்தனை இமைக்குச் செய்தார், தவறினால் இரவில் யாரை அழைப்பது, இரண்டாம் முறை செய்ய நேர்ந்தால் அதற்கும் கட்டணமா என்று கேளுங்கள். கேள்விக்குச் சினப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பார்வையை மறைக்கும் அளவுக்கு இமை தாழ்ந்திருந்தால், அது அழகுக் காரியமன்று, நோய். அதற்கு அரச வைத்தியசாலையின் கண் பிரிவு இருக்கிறது. கொழும்பிலே தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது. அங்கே கட்டணமில்லை, காத்திருத்தல் உண்டு.

இதைச் சொல்லும்போது என் தாயாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் நமுனுகுலை மலையடியிலே முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்தெடுத்தவர். கூடையின் கயிறு தலையில் அழுத்தி அழுத்தி, உச்சியில் மயிர் தேய்ந்து ஒரு பாதை விழுந்திருந்தது. ஐம்பது வயதுக்கு முன்பே அவருடைய இமைத்தோல் கண்ணை மூடிவிட்டது. அண்ணாந்து பார்த்தால்தான் எதிரில் வருபவரைத் தெரியும். புருவத்தை நாள் முழுவதும் உயர்த்தியே வைத்திருந்ததால், மாலையில் நெற்றி வலிக்கிறதென்று துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுப்பார். நிறையில் நிற்கும்போது, "என்ன, தூங்கிக்கிட்டே எடுக்கிறியா?" என்று கங்காணி எல்லாருக்கும் கேட்கச் சத்தமிடுவாராம். அம்மா தூங்குமூஞ்சி என்று பிள்ளைகளாகிய நாங்களும் சிரித்திருக்கிறோம். ஒரு மழைநாளில் கானோரத்துக் கற்படி தெரியாமல் விழுந்து இடுப்பு முறிந்தது. அதன்பின் அவர் மலை ஏறவில்லை. அவருடைய இமையைக் கட்டணமின்றி ஒரு மணி நேரத்தில் உயர்த்தியிருக்கலாம் என்பதை, அவர் மறைந்து பல வருடங்களின் பின்னர், என் படத்தைப் பார்த்து வெட்கி வைத்தியரிடம் போன இடத்திலேதான் நான் அறிந்தேன்.

தோட்டத்து லயங்களில் இன்றும் அண்ணாந்து பார்க்கும் பாட்டிமார் இருக்கிறார்கள். அவர்களைக் கண் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். சிகிச்சை பெற்ற பின்னர் இரண்டு மூன்று வாரத்துக்காவது தலையிற் கயிறு மாட்டிச் சுமக்கவோ, குனிந்து விறகு ஊதவோ விடக்கூடாது. அடுப்புப் புகை புண்ணுக்கு ஆகாது. தலையணையை உயர்த்திப் படுக்க வைக்க வேண்டும். வைத்தியர் தந்த களிம்பைத் தவிர, தாய்ப்பாலோ நந்தியாவட்டைச் சாறோ கண்ணில் விடவேண்டாம்.

என் காரியத்தைச் சொல்லி முடிக்கிறேன். பார்வைப் பரப்பை அளந்தார்கள். மேற்புறத்தில் நன்றாகவே குறைந்திருந்தது. இமைத்தோலை நாடாவால் உயர்த்தி ஒட்டிவிட்டு மீண்டும் அளந்தபோது, குறைந்த பகுதி திரும்பக் கிடைத்தது. வகுப்பறையின் பின்வரிசையில் நின்று கரும்பலகையின் மேல்வரியைப் படிக்க நான் ஏன் நாடியை உயர்த்தினேன் என்பது அப்பொழுது விளங்கிற்று. வடிதாள் போதிய அளவு நனையவில்லை. ஆகவே மூன்று மாதம் கண்ணீர்த்துளி மருந்து இட்டு, காற்றுக் காலம் கழிந்தபின் வரச்சொன்னார் வைத்தியர். பரீட்சைகள் முடிந்ததும் டிசெம்பர் விடுமுறையில் நாள் குறித்திருக்கிறது. பசறைப் பிள்ளைக்கு இப்பொழுது இமை நேராக நிற்கிறது. குளிசையை நேரம் தவறாது எடுக்கிறாள். அந்தச் சம்பந்தம் கைகூடவில்லை. அதைப் பற்றி அவள் இப்பொழுது பேசுவதுமில்லை. என் நாளைக் கேள்விப்பட்டு, "ரீச்சர், இந்த முறை துணைக்கு நான் வாறேன்" என்று சொல்லியிருக்கிறாள்.